மண்ணெண்ணெய் அடுப்பு இல்லாத வீடு

றோஸி எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பேலியகொடையிலிருந்து சைக்கிளில் வருகிற மீன்காரன் விடியப் பிடித்த மீன் என்று சத்தியம் பண்ணினாலும், செவுளைத் தூக்கி முகர்ந்து பார்த்த பிறகுதான் விலை பேசுவாள். சட்டை தைக்கக் கொடுக்கிறவர்கள் இடுப்பளவைச் சொன்னால் தலையை ஆட்டிக்கொண்டே தன் நாடாவை எடுத்து இன்னொரு தரம் சுற்றுவாள். கொட்டாஞ்சேனையில் அவள் கையால் தைத்த முதல் நன்மைச் சட்டையோ கலியாணச் சட்டையோ பிழையாய்ப் போனதாக ஒரு தாயும் குறை சொன்னதில்லை. அந்தச் சந்தேகப் புத்திதான் தனக்குச் சோறு போடுகிறது என்று அவளே சொல்லுவாள்.

அப்படிப்பட்டவளும் ஒரு சங்கதியை மாத்திரம் அளந்து பாராமலே நம்பியிருந்தாள். அந்த வீட்டுக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு வரக்கூடாது. அண்ணி பேர்ணடெற்றின் சின்னம்மா டெய்சி, இளவயதில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து நெஞ்செல்லாம் வெந்து செத்துப்போனவ. அண்ணி கலியாணம் முடித்து இந்த வீட்டுக்குள் கால் வைத்த நாளிலேயே, தேத்தண்ணி வைக்க மாமியார் பற்றவைத்த அடுப்பைக் கண்டு சுவரோடு சாய்ந்து அழுதுவிட்டா. அந்தக் கிழமையே அடுப்பு விற்றுப்போயிற்று. அன்றிலிருந்து காஸ் தீர்ந்தால் றப்பர் விறகுதான். மழை நாளில் ஈரவிறகை ஊதி ஊதிக் கண் சிவந்த போதெல்லாம் றோஸி டெய்சி சின்னம்மாவின் ஆத்துமத்துக்கு ஒரு அருள்நிறை செபம் சொல்லிக்கொள்வாள். பாவம், எப்படித் துடித்திருப்பா.

இது சண்டை கடுத்த காலம். கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழ்ச் சனத்தை விடியப்புறம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்களே, அதற்கு அடுத்த வருஷம். அந்த வருஷந்தான் பேர்ணடெற்றுக்கு மார்பில் கட்டி கண்டது. ஆப்பரேசன் பண்ணி, ஊசி மருந்து ஏற்றி, தலைமயிர் கொட்டி, திரும்ப முளைக்கத் தொடங்கிய நேரம் கரண்ட் பிடிக்க அனுப்பினார்கள். நோயின் வேர் எங்கேயும் மிஞ்சியிருந்தால் அதைக் கருக்குகிற வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரிச் சனம் வைத்திருக்கிற பேர் அது. சனி ஞாயிறு தவிர நாள் தவறாமல் ஐந்து கிழமைக்குப் போகவேண்டும். அண்ணன் கிளறன்ஸ் துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற கிளாக், லீவு கிடையாது. மகள் ஜெசிந்தா பம்பலப்பிட்டியில் நேசறிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். ஆகவே தையலை மூடிவைத்துவிட்டுக் கூடப் போனது றோஸிதான். கலியாணம் முடிக்காத நாத்தனார் என்றால் வீட்டில் இப்படியான வேலைகளெல்லாம் அவள் பேரில்தானே எழுதியிருக்கும்.

முதல் இரண்டு கிழமையும் குறை இல்லை. மூன்றாம் கிழமை தோல் கறுத்தது. பிறகு கமக்கட்டிலிருந்து நெஞ்சுவரை, சுட்ட கத்தரிக்காயில் தோல் கழருகிற மாதிரி, படைபடையாகக் கழன்று நீர் வடியத் தொடங்கியது. அண்ணி கையைத் தூக்கமாட்டாமல், கோழி செட்டையை விரித்த மாதிரி முழங்கையை அகட்டிக்கொண்டு திரிந்தா. றோஸி உப்புத்தண்ணியில் துணி நனைத்து ஒத்தியெடுப்பாள். துணியோடு தோலும் வரும். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு சுவரிலிருந்த திரு இருதயப் படத்தைப் பார்ப்பா, சத்தம் போடமாட்டா.

றோஸியின் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. முதலில் பவுடர் போட்டீங்களோ என்று கேட்டாள். பிறகு சவர்க்காரத்தை மாற்றினாள். கோயில் எண்ணெய் ஏதும் களவாகப் பூசுகிறாவோ என்று தலையணை உறையை மோந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. அப்போதுதான் நஸீறா ஞாபகம் வந்தா. மாளிகாவத்தைப் பொம்பளை, அண்ணியோடு ஒரே நாளில் கரண்ட் பிடிக்கத் தொடங்கினவ. காத்திருக்கிற வாங்கில் பக்கத்தில் இருந்து வட்டிலப்பம் செய்முறை சொல்லுகிறவ. றோஸி அவவை ஆஸ்பத்திரிக் கக்கூசுப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய், கூச்சத்தை விட்டு, உங்களுக்கு எப்படி இருக்கிறது, காட்டுவீங்களோ என்று கேட்டாள்.

நஸீறா சிரித்துக்கொண்டே சட்டையை விலக்கினா. "எனக்கு ஒண்டும் இல்ல மகள். வெயில்ல நிண்ட மாதிரி கொஞ்சம் கறுத்தீக்கி. அவ்வளவுதான்."

அதே மெஷின், அதே நாள், மெஷின் போடுகிற அதே நர்ஸ் மிஸ்ஸியின் கை. ஒருத்திக்கு வெயில் பட்ட மாதிரி, மற்றவளுக்கு நெருப்புப் பட்ட மாதிரி.

பின்னேரம் இதைக் கேட்டவுடன் கிளறன்ஸ் கையிலிருந்த பாண் துண்டைப் பீங்கானில் வைத்துவிட்டார். பிறகு, அதிலே என்ன யோசிக்க இருக்கு, தமிழாள் எண்டு பேரைப் பார்த்துத்தானே கூட்டிப் பிடிச்சிருக்கிறாளவை என்றார். எண்பத்துமூன்றுக் கலவரத்திலே தான் கண்டதையெல்லாம் ஒழுங்காகச் சொன்னார். ஜெசிந்தா, அப்பா அப்பிடிக் கதைக்காதீங்கோ என்றாள். றோஸிக்கும் ஒரு கணக்கு இருந்தது. அந்த மிஸ்ஸி, உயரமான, சிரிக்காத பெண், சில நாளாக அண்ணியைக் கட்டிலில் படுக்கவைத்து, ஹெல்லென்ன எப்பா, அசையாதே என்று சொல்லிவிட்டு உடனே வெளியே போவதில்லை. நின்று நெஞ்சைப் பார்க்கிறாள். கதவு இடுக்கால் றோஸி கண்டது. எதுக்குப் பார்க்கிறாள்?

மறுநாள் வரும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். பொம்பளைகளைச் சாக்குத் தட்டிக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அண்ணி கையைத் தூக்க முடியாமல் நின்றதைக் கண்டு பொலிஸ்காரிக்கு உசார் வந்துவிட்டது. சால்வையை இழுத்தாள். நெஞ்சில் ஊதா மையில் கோடும் குறுக்குக் கோடும். கரண்ட் பிடிக்க வேண்டிய இடத்துக்கு ஆஸ்பத்திரியில் போட்டுவிடுகிற அடையாளம், குளித்தாலும் அழிக்கக்கூடாது. கோட்டுக்குக் கீழே வெந்த தோல். இது என்ன, எங்கே சுட்டுக்கொண்டாய், என்ன செய்துகொண்டிருந்தாய் என்று சிங்களத்தில் அடுக்கினாள், இன்னொருத்தியையும் கூப்பிட்டாள். றோஸி பிடிவாதமாக உள்ளே புகுந்து கிளினிக் அட்டையை நீட்டினாள். வாசித்ததும் இரண்டு பேரும் ஓரடி பின்னே போனார்கள், ஒட்டிக்கொள்கிற வியாதி மாதிரி. போ போ என்றார்கள். பஸ்ஸுக்குள் சனமெல்லாம் அண்ணியையே பார்த்தது. அண்ணி சால்வையை இழுத்து மூடிக்கொண்டு, "பார் றோஸி, இந்தத் தோலைக் கண்டா எல்லாருக்கும் ஒரு கதை தோணுது" என்றா.

அடுத்த நாள் மிஸ்ஸி அண்ணியைக் கட்டிலில் ஏற்றவில்லை. டொக்டரிடம் அனுப்பினாள். டொக்டர் இளம் பெண், சிங்களத்தி, கண்ணுக்குக் கீழே நித்திரையில்லாத கறுப்பு. பேர்ணடெற்றுக்குக் கடைச் சிங்களம் வரும். டொக்டர்மாரிடம் நா எழும்பாது. அவர்களோடு கதைக்கிறது எப்போதும் றோஸிதான். டொக்டர் தோலை வெகுநேரம் பார்த்தா. கரண்டின் அளவு சரியாகத்தான் போயிருக்கிறது, இரண்டு தரம் பார்த்தாயிற்று என்று தானாகவே சொன்னா. கேட்காமலே சொல்லுகிறாவே என்று றோஸி மனதுக்குள் குறித்துவைத்தாள். பிறகு டொக்டர் ஒன்று கேட்டா.

றோஸி திரும்பினாள். "அண்ணி, உங்கட ஆக்களில ஆருக்கும் இப்பிடிக் கரண்ட் பிடிச்சுத் தோல் கழண்டிருக்கோ எண்டு கேக்கிறா. அம்மா, அம்மாட சகோதரங்கள், ஆரும்."

"இல்லை."

"யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இல்லையெண்டா இல்லைதானே."

றோஸி அந்த இல்லையைச் சிங்களத்தில் எடுத்துக் கொடுத்தாள். டொக்டர் எழுதிக்கொண்டா. ஒரு சின்னக் குழாய் ரத்தம் எடுக்கலாமோ, சிலருடைய தோல் மாத்திரம் ஏன் இப்படித் தாங்காமல் போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, விருப்பம் இருந்தால் மாத்திரம் என்றா. றோஸி அண்ணியைக் கேட்கக்கூட இல்லை. போன மாசந்தான் பொலிஸ் வந்து வீட்டில் இருக்கிற எல்லாருடைய பேரையும் பதிந்துகொண்டு போனது. இனி ரத்தத்தையும் கொடுக்கவோ? வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் அண்ணியின் முகத்தில் ஒரு ஆறுதல். ஊசிக்குப் பயந்தவ அல்லவே, ரத்தம் கொடுத்துக் கொடுத்துப் பழகினவ. எதுக்கு இந்த ஆறுதல் என்று றோஸிக்கு ஒரு முள் தைத்தது. தைத்த இடத்தை அப்போது அவள் தடவிப் பார்க்கவில்லை.

தோல் ஆறக் கொஞ்ச நாள் விட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னா டொக்டர். வராமல் மாத்திரம் இருக்கவேண்டாம், பாதியில் விட்டால் இவ்வளவு நாள் பட்டதும் வீண், நோய் திரும்பி வந்தால் பிறகு பிடிக்கேலாது என்று றோஸியின் கண்ணைப் பார்த்துச் சொன்னா.

வீட்டில் கிளறன்ஸ் முடிவாகச் சொல்லிவிட்டார், அந்தப் பக்கம் இனித் தலைவைத்தும் படுக்க வேண்டாம். அண்ணியும், "ஓம், அவர் சொல்லுறது சரி" என்றா. புருஷன் சொன்னதற்கெல்லாம் ஒரு மாற்று வைத்திருக்கிற பேர்ணடெற் இவ்வளவு சுருக்கில் ஓம் போட்டது றோஸிக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை றோஸி வெள்ளவத்தைக்குப் போனாள். அண்ணியின் அக்கா நேசம், புருஷனை இழந்தவ, கடற்கரை றெயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அனெக்ஸில் தனியே இருக்கிறா. அவவிடம் பழைய வொயில் சேலைகள் இருந்தன. தோய்த்துத் தோய்த்து வெங்காயத்தோல் மாதிரி மெத்தென்று போன சேலை. கிழித்து, நெஞ்சில் தையல் உரசாமல் ஒரு உள்சட்டை தைத்தால் அண்ணிக்குச் சுகமாக இருக்கும். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போனவள் குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

நிலத்தில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. நீல நெருப்பு வட்டமாக எரிகிறது. மேலே சொதி கொதிக்கிறது. நேசம் பக்கத்தில் குந்தியிருந்து அகப்பையால் துழாவிக்கொண்டிருக்கிறா, ஒரு பயமும் இல்லாமல்.

"நேசமக்கா, இதென்ன?"

"வா வா றோஸி. என்னது? அடுப்பு."

"மண்ணெண்ணெய் அடுப்பு."

"பின்னே? காஸ் விக்கிற விலைக்கு ஒரு சீவனுக்கு நான் வேற என்னத்தை வைக்கிற?"

"அப்ப டெய்சி சின்னம்மா?"

"டெய்சி சின்னம்மாக்கு என்ன?"

அந்த நேரம் பார்த்து மாத்தறைக் கோச்சி வந்தது. கோப்பைகள் கிணுகிணுத்தன, சுவரும் நிலமும் அதிர்ந்தன. இரண்டு பேரும் ஒருத்தியின் முகத்தை ஒருத்தி பார்த்தபடி இருந்தார்கள். கோச்சி போய் முடிவதற்குள் நேசத்தின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை றோஸி கண்டாள். நேசம் குனிந்து திரியை இறக்கினா.

பிறகு ஒளிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. சொதி ஆற ஆற நேசம் சொன்னா. டெய்சி சின்னம்மாவுக்கு மார்பில் வந்தது இதே நோய். அந்த நாளையில் கரண்ட் பிடித்தார்கள். மற்றவர்களுக்கு இல்லாத மாதிரி அவவுக்குத் தோல் வெந்து கழன்றது. கவனிக்காமல் சுட்டுப்போட்டாங்கள் என்று வீட்டார் பாதியில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வருஷம் திரும்புவதற்குள் போய்ச் சேர்ந்தா. வீட்டில் கட்டிக்கொடுக்க நேசமும் பேர்ணடெற்றும், இரண்டு குமர்கள். புற்றுநோய் என்று தெரிந்தால் யார் வாசலுக்கு வருவார்கள்? வெந்த நெஞ்சை மூடிப் பெட்டிக்குள் வைத்தபோது கேட்டவர்களுக்கெல்லாம் அடுப்பு வெடித்தது என்று சொன்னவர் அப்பா. பேர்ணடெற் கலியாணம் முடித்து வந்த அன்றைக்கு மாமியார் அதே மாதிரி அடுப்பைப் பற்றவைத்ததும், டெய்சியின் சாவைப் பற்றி எதையாவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அழுதுவிட்டாள். அழுத பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தானே வேண்டும்.

"எனக்கு அதெல்லாம் மறந்தே போச்சு றோஸி. என்ர வீட்டில கேக்க ஆரும் இல்லை. அவள்தான் உங்கட வீட்டில ஒவ்வொரு நாளும் ஞாபகம் வைச்சிருக்க வேணும்." நேசம் சேலைகளை மடித்துத் தந்தா. "கிளறன்ஸுக்குச் சொல்லிப்போடாத. இப்ப ஜெசிந்தாட காரியமும் வருது."

ஜெசிந்தாவின் காரியம் றோஸி பேசி முடித்த காரியம். மாப்பிள்ளை றேமண்ட் பாங்கில் வேலை. தாய் மிஸிஸ் பற்றிக், வெள்ளவத்தை, றோஸியிடம் சட்டை தைக்க வந்த பழக்கம். கலியாணச் சட்டை பாதி தைத்தபடி மெஷின் பக்கத்துக் கொடியில் தொங்குகிறது.

பஸ்ஸில் வரும்போது அவளுக்குக் கோபத்தில் காது அடைத்தது. விறகு ஊதின புகையெல்லாம் திரும்ப நெஞ்சுக்குள் வந்தது மாதிரி இருந்தது. சொல்லாத அருள்நிறையில்லை. அதையெல்லாம் விட, அந்த இல்லையைத் தன் வாயால் டொக்டருக்குச் சொல்லவைத்தாவே. மிஸ்ஸியைச் சந்தேகித்தேன், சவர்க்காரத்தைச் சந்தேகித்தேன், பவுடர் டப்பாவைக்கூடச் சந்தேகித்தேன். பக்கத்தில் இருந்தவவைச் சந்தேகிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஜெசிந்தாவுக்கும் றேமண்டுக்கும் முதல் அறிவித்தல் வாசித்தார்கள். பேரும் ஊரும் சொல்லி, இவர்களுடைய விவாகத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சுவாமியார் எப்போதும் போல ஓடவிட்டுச் சொன்னார். வருஷக்கணக்காகக் கேட்ட வசனந்தான். அன்றைக்கு றோஸியின் முதுகு தானாகவே நிமிர்ந்தது. முன்வாங்கில் அண்ணியின் முதுகும் நிமிர்ந்ததை அவள் கண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கிளறன்ஸ் இறைச்சி வாங்கப் போய்விட்டார். ஜெசிந்தா பாட்டுப் பழகக் கோயிலிலேயே நின்றுவிட்டாள். வெளியே ஐப்பசி மழை பிடித்திருந்தது. காஸ் முடிந்துபோனதால் றோஸி விறகை அடுக்கினாள். ஈரம், பிடிக்கவில்லை. ஊதாமல் நிமிர்ந்தாள்.

"அண்ணி, நேசமக்கா வீட்டில மண்ணெண்ணெய் அடுப்பு எரியுது."

பேர்ணடெற் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. கத்தி நின்றது.

"எப்ப போனனீ?"

"வெள்ளிக்கிழமை."

"அப்ப ரெண்டு நாள் வயித்துக்குள்ள வைச்சிருந்திருக்கிறாய். உனக்கு அது பெரிய விஷயம்."

"உங்களை விடவோ?"

அண்ணி கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது, பிறகு இல்லை. கத்தியைப் பலகையில் வைத்தா.

"கேட்டதுக்கு இல்லையெண்டு ஏன் சொன்னீங்கள்? அந்த டொக்டர் பிள்ளை கரண்டைப் பார்த்துப் பிடிக்கத்தானே கேட்டது. என்ர வாயால சொல்ல வைச்சீங்கள்."

"ஓம் எண்டு சொல்லியிருந்தா? வீட்டுக்கு வந்து உன்ர அண்ணரிட்டச் சொல்லுவாய். மிஸிஸ் பற்றிக் உன்னட்டத்தான் தைக்க வாறவ. குடும்பத்தில ஓடுற வியாதி எண்டு ஒரு சொல்லு விழுந்தாக் காணும். மிஸ்ஸி சுட்டுப்போட்டாள் எண்டா எல்லாரும் என்னைப் பார்த்துப் பாவம் எண்டுவினம். ரத்தத்தில இருக்கெண்டா என்ர பிள்ளையைப் பார்ப்பினம்."

"அதுக்காக நீங்கள் பாதியில நிண்டு சாகிறதோ?"

"கலியாணம் மட்டும் இருந்தாக் காணும்."

மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் றோஸிக்கு அது சரியாகக் கேட்டதோ என்றே சந்தேகம். கேட்டது சரிதான். முடிவெடுத்து வைத்துக்கொண்டு, புருஷனுடைய கோபத்தைப் போர்வையாகப் போர்த்துக்கொண்டு இருந்திருக்கிறா.

"எங்களையும் ஏமாத்தித்தானே வந்தனீங்கள்" என்றாள் றோஸி. சொல்லவேண்டும் என்று வந்தது அதுதான். சொன்ன பிறகு சுவைக்கவில்லை.

"ஓம். ஏமாத்தித்தான் வந்தனான்." பேர்ணடெற் நேராகப் பார்த்தா. "நீ எதையும் அளந்து பார்க்கிறவள். இதையும் அளந்து சொல்லு. அண்டைக்குத் தெரிஞ்சிருந்தா உன்ர அம்மா என்னை எடுத்திருப்பாவோ?"

றோஸி யோசித்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "மாட்டா."

"நீ?"

"நானும் வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன்."

அடுப்புக்குள் ஈரவிறகு சீறிக்கொண்டிருந்தது. அம்மா கடைசிக் காலத்தில் படுக்கையோடு கிடந்தபோது துடைத்துக் கழுவி எடுத்தது அண்ணியின் இந்தக் கைதான். துறைமுகத்தில் வேலை நிறுத்தம் வந்து அண்ணன் வீட்டில் கிடந்த நாளில் கோயிலடியில் அப்பம் சுட்டு விற்றதும் இந்தக் கைதான். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இந்தக் குசினியில் இப்போது யார் நிற்பார்கள் என்று றோஸிக்கு நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் முட்டுக்காலில் இருந்து விறகை ஊதத் தொடங்கினாள். கண்ணில் நீர் வந்தது. புகைக்கு வந்ததென்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டார்கள்.

"நாளைக்கு வெள்ளன வெளிக்கிடுங்கோ அண்ணி" என்றாள் ஊதிக்கொண்டே. "ஆருக்குச் சொல்லுறது, சொல்லாம விடுறது உங்கட பாடு. நான் இனி உங்கட பொய்யைச் சிங்களத்தில சொல்லமாட்டன்."

பேர்ணடெற் வெங்காயத்தை எடுத்தா. விடிந்தபோது வொயில் உள்சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றா. கிளறன்ஸ், எங்கே என்றார். "ஆஸ்பத்திரிக்கு" என்றா. அந்த ஒரு சொல்லுக்கு மேலே அவரும் கேட்கவில்லை. கேட்டாலும் பிரயோசனம் இல்லாத முகம் அது.

டொக்டருக்கு முன்னால் றோஸி வாயை மூடிக்கொண்டு இருந்தாள். பேர்ணடெற் தன் கடைச் சிங்களத்தில், மீனுக்கும் மரக்கறிக்கும் விலை பேசுகிற சிங்களத்தில், அம்மாவின் தங்கச்சிக்கும் இதேதான் நடந்தது, நான் பொய் சொன்னேன் என்று சொல்லி முடித்தா. டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. கோபிக்கவில்லை. இவவின் தோல் மற்றவர்களுக்குப் போல இல்லை, பாருங்கள் என்று தன்னிடம் முதலில் வந்து சொன்னது அந்த மிஸ்ஸிதான் என்றா. றோஸி நிலத்தைப் பார்த்தாள்.

டொக்டர் சொன்னது இது. கரண்ட் பட்ட இடத்தை உடம்பு தானே திருத்திக்கொள்ளும். சிலருடைய உடம்புக்கு அந்தத் திருத்துகிற வேகம் குறைவு. கண்ணின் நிறம் மாதிரி அதுவும் தாய் தகப்பனிடமிருந்து வரலாம். எது வழியாக வருகிறது என்று உலகத்தில் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உடம்பின் பருமன், வேர்வை, மடிப்பு எல்லாமும் சேரும். தோல் இப்படி ஆவது வேறு, அந்த நோய் வருவது வேறு. ஒன்றிருந்தால் மற்றதும் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. சின்னம்மாவுக்கும் வந்ததால் மகள் மார்பைக் கவனித்துக்கொள்ளட்டும், அவ்வளவுதான். ஆனபடியால் இனி நாளுக்கு நாள் கொடுக்கிற பங்கைக் குறைத்து, நாளைக் கூட்டி, தோலைப் பார்த்துப் பார்த்து முடிப்போம்.

பேர்ணடெற் நோகாத கையின் சட்டையைச் சுருட்டினா. "ரத்தம் எடுக்கக் கேட்டீங்களே, எடுங்கோ" என்றா. இதனால் உங்களுக்கு இப்போது ஒன்றும் தெரியவராது, பிறகு வருகிறவர்களுக்கு உதவலாம் என்றா டொக்டர். பரவாயில்லை என்றா அண்ணி. குழாயில் ரத்தம் ஏறுவதை றோஸி பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வைக்கு மற்ற ரத்தம் மாதிரித்தான் இருந்தது.

புதன்கிழமை பின்னேரம் மிஸிஸ் பற்றிக் வந்தா, கையில் ஒரு சீப்பு கோழிக்கூட்டு வாழைப்பழம். சுகம் விசாரிக்க வந்தேன் என்றா. மோப்பம் பிடிக்க வந்திருக்கிறாவோ என்று றோஸிக்கு உடனே தோன்றியது. கிளறன்ஸ் கதிரையை இழுத்துப் போட்டார். ஜெசிந்தா தேத்தண்ணி வைக்க எழும்பி, காஸ் இல்லை, விறகும் நனைஞ்சு போச்சு என்று முணுமுணுத்தாள்.

"றோஸி" என்றா பேர்ணடெற். "உன்ர கட்டிலுக்குக் கீழ இருக்கிறதைக் கொண்டு வா."

நேசத்திடம் திரும்பப் போய் இரவல் வாங்கி, பேப்பரில் சுற்றி ஒளித்துவைத்திருந்தது அவவுக்கு எப்படித் தெரியும் என்று றோஸி திகைத்தாள். எடுத்துக்கொண்டு வந்து குசினி வாசலில் வைத்தாள். கிளறன்ஸ் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். ஜெசிந்தா, அம்மா அது மண்ணெண்ணெய் அடுப்பு என்றாள், தாய்க்குக் கண் தெரியாதது மாதிரி. பேர்ணடெற் குனிய முடியாமல் மெல்லக் குந்தி, திரியை ஏற்றி, தானே நெருப்புக்குச்சி கிழித்தா. நீல வட்டம் சுற்றி வந்து பிடித்தது. தண்ணிக் கேத்தலை மேலே வைத்துவிட்டு, அங்கிருந்தபடியே, ஒருவரையும் பாராமல், டெய்சி சின்னம்மா அடுப்பில் சாகவில்லை என்று தொடங்கினா. தண்ணி கொதிக்குமட்டும் சொன்னா. ஒன்றையும் விடவில்லை, ரத்தம் கொடுத்ததையும், டொக்டருக்கே இன்னும் முழுக்கத் தெரியாது என்பதையும், தான் கலியாணம் மட்டும் இருக்க நினைத்ததையும் சொன்னா. ஜெசிந்தா வந்து தாயின் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

கிளறன்ஸ் வெகுநேரம் அடுப்பையே பார்த்தார். கடைசியில், "அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் விறகு ஊதினது?" என்றார்.

"ஓம்" என்றா பேர்ணடெற்.

அவர் போய் முற்றத்துக் கதவடியில் மழையைப் பார்த்து நின்றார். கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்து, கொதித்த கேத்தலைத் தான் இறக்கினார், பேர்ணடெற் கை தூக்க வேண்டாமென்று.

மிஸிஸ் பற்றிக் தேத்தண்ணியைத் தொடவில்லை. "அந்தத் தோலைப் பார்க்கலாமோ?" என்றா. இரண்டு பேரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். றோஸி குசினியிலேயே நின்று காதைத் தீட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. வெளியே வந்த மிஸிஸ் பற்றிக்கின் முகத்தில் எதையும் வாசிக்க முடியவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியை நின்றபடியே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, றோஸியிடம் வந்தா.

"அந்தச் சட்டையைக் காட்டும் பார்ப்பம்."

றோஸி கொடியிலிருந்து எடுத்து விரித்தாள். மிஸிஸ் பற்றிக் கழுத்தைப் பார்த்தா, லேஸைத் தடவினா, தோள் தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தா. "கமக்கட்டு இறுக்கம். பிள்ளை கையைத் தூக்க வேணுமே. கொஞ்சம் இளக்கிவிடும்." குடையை எடுத்துக்கொண்டு, ஜெசிந்தாவின் தலையில் ஒரு தரம் கைவைத்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போனா.

அளவு எடுத்துத் தைத்த சட்டை. இறுக்கமே இல்லை, றோஸிக்கு நிச்சயம். மெஷினுக்கு முன்னால் இருந்து பிளேட்டால் கமக்கட்டுத் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். இரண்டு தையல் பிரித்ததும் கை நின்றுவிட்டது.

"அண்ணி, என்ன நினைச்சு இளக்கச் சொன்னவ? கலியாணம் நடக்குமெண்டோ, இல்லாட்டி, இல்லாட்டி பிள்ளைக்கும் உங்களைப் போல வருமெண்டு நினைச்சோ? தேத்தண்ணியையும் ஆறவிட்டுத்தானே குடிச்சவ. அதில என்ன அர்த்தம்?"

பேர்ணடெற் கட்டிலில் முழங்கையை அகட்டி வைத்துக்கொண்டு கிடந்தா. முதலில் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது.

"சிரிக்க வைக்காத றோஸி" என்றா, நெஞ்சைத் தொடாமல் காற்றில் கையைப் பிடித்துக்கொண்டு. "தோல் இழுக்குது. நாளைக்குத் திரும்ப மெஷினுக்குக் கீழ படுக்க வேணும்."